பேரப்பிள்ளைகள் கட்டும் வட்டி: போர்க்கடனின் நூறு ஆண்டுக் கணக்கு

2015 மார்ச் 9ஆம் தேதி பிரிட்டனின் கருவூலம் சுமார் 190 கோடி பவுண்டு மதிப்புள்ள பழைய கடன்பத்திரங்களுக்கு அசலைத் திருப்பிக் கொடுத்துக் கணக்கை முடித்தது. ‘மூன்றரை சதவீதப் போர்க்கடன்’ என்ற அந்தப் பத்திரங்களின் மூலம் 1917ஆம் ஆண்டு. முதல் உலகப் போரில் பணியாற்றியவர்களில் ஒருவர்கூட அன்று உயிரோடு இல்லை. பத்திரங்கள் மட்டும் 1,20,000க்கும் அதிகமானவர்களின் கையில் இருந்தன. அவர்களில் பெரும்பாலோரிடம் இருந்தது ஆயிரம் பவுண்டுக்கும் குறைவான தொகை. இந்தக் கடனுக்கு வட்டியாக மட்டும் சுமார் 550 கோடி பவுண்டு கட்டியிருப்பதாகக் கருவூலமே மதிப்பிட்டது. அசலைக் கொடுக்கப் பணம் எங்கிருந்து வந்தது? அப்போது சந்தையில் வட்டி மிகவும் இறங்கியிருந்தது. குறைந்த வட்டிக்குப் புதுக் கடன் வாங்கி, கூடிய வட்டிக்கு இருந்த பழைய கடனை அடைத்தார்கள். 98 ஆண்டுக்குப் பிறகும் அந்தக் கடன் வேறு பெயரில்தான் தொடர்ந்தது.

போரின் சுமை வருங்காலச் சந்ததியின் தலையில் விழுகிறது என்று எல்லோரும் சொல்கிறோம். எப்படி விழுகிறது என்று பார்ப்பவர்கள் குறைவு. 1917இல் வெடித்த பீரங்கிக் குண்டை 1917இல்தான் செய்ய முடியும். அதற்கான இரும்பு, நிலக்கரி, தொழிலாளியின் உழைப்பு, சிப்பாயின் உணவு எல்லாம் அந்த ஆண்டின் விளைச்சலிலிருந்தும் சேமிப்பிலிருந்தும் வந்தாக வேண்டும். எதிர்காலத்திலிருந்து கோதுமையை முன்கூட்டி வரவழைக்க எந்த அரசாலும் முடியாது. ஒரு நாடு தன் சொந்த மக்களிடமே கடன் வாங்கினால், கொடுப்பவரும் வாங்குபவரும் அந்த நாட்டுக்குள்ளேயே இருக்கிறார்கள். அப்படியானால் நாளைய தலைமுறைக்குக் கைமாறுவது எது என்ற கேள்வியைப் பொருளியலாளர்கள் நெடுங்காலமாக விவாதித்து வந்திருக்கிறார்கள். என் பார்வையில் இரண்டு கைமாறுகின்றன. ஒன்று, போர் நடந்த காலத்தில் கட்டாமல் விட்ட வீடும் பள்ளியும், பிறக்காமலே போன தொழிலும். மற்றொன்று, ஒரு வீட்டுப் பிள்ளைகள் இன்னொரு வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் வரி வழியாகப் பணம் கட்ட வேண்டும் என்ற சட்டபூர்வமான ஏற்பாடு. போர்க்கடனைத் தேசத்தின் பொதுச் சுமை என்று பேசும்போது இந்த இரண்டாவது விஷயம் கண்ணில் படாமல் போகிறது.

பிரிட்டனையே எடுத்துக்கொள்வோம். போர் தொடங்கிய 1914இல் அதன் தேசியக் கடன் சுமார் 65 கோடி பவுண்டு. போர் முடிந்த அடுத்த ஆண்டுகளில் அது 700 கோடியைத் தாண்டியிருந்தது. இத்தனைக்கும் வரி விதிக்கத் தயங்காத அரசு அது. வருமான வரி பவுண்டுக்கு ஒரு ஷில்லிங் இரண்டு பென்ஸிலிருந்து ஆறு ஷில்லிங்குக்கு உயர்ந்தது. போரால் கிடைத்த கூடுதல் லாபத்தின் மீது தனி வரி போட்டு, ஒரு கட்டத்தில் எண்பது சதவீதம் வரை வசூலித்தார்கள். அப்படியும் போர்ச் செலவில் பெரும்பகுதி கடனில்தான் ஓடியது.

அந்தக் கடன் திரண்ட விதத்தில் ஒரு ரகசியம் இருந்தது. 1914 நவம்பரில் முதல் போர்க்கடன் வெளியிடப்பட்டது. இலக்கு 35 கோடி பவுண்டு. பொதுமக்களும் நிறுவனங்களும் வாங்கியதோ 9.11 கோடி, மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. செய்தி வெளியே தெரிந்தால் எதிரிக்கு அது பெரும் பரிசாகும் என்று அஞ்சி, மிச்சத்தை இங்கிலாந்து வங்கியே வாங்கியது. வங்கியின் தலைமைக் காசாளர், துணைக் காசாளர் ஆகிய இருவரின் பெயரில் பத்திரங்களைப் பதிந்து, வங்கியின் கணக்கில் வேறு தலைப்பின் கீழ் மறைத்தார்கள். வேண்டியதற்கு மேல் பணம் குவிந்துவிட்டது என்று பைனான்ஷியல் டைம்ஸ் செய்தி போட்டது. கருவூலத்தில் இருந்த பொருளியலாளர் ஜான் மேனார்ட் கெயின்ஸ் இந்தச் சூழ்ச்சியின் திறமையை ரகசியக் குறிப்பில் பாராட்டினார். வங்கியின் ஆய்வாளர்கள் பழைய பேரேடுகளைப் புரட்டி 2017இல் இதை வெளிக்கொணர்ந்த பிறகு, அந்தப் பத்திரிகை தன் 103 ஆண்டுப் பழைய செய்திக்குத் திருத்தம் வெளியிட்டது. ஒரு போரின் விலையை மக்களிடமிருந்து மறைக்கும் வேலை அதன் முதல் மாதங்களிலேயே தொடங்கிவிடுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

அந்த முதல் கடனின் மூன்றரை சதவீத வட்டிக்கு மக்கள் வராததால் வட்டியை உயர்த்த வேண்டியதாயிற்று. 1917இன் பெரிய கடன் ஐந்து சதவீத வட்டிக்கு வந்தது. பழைய பத்திரங்களையும் இதற்கு மாற்றிக்கொள்ள அனுமதி உண்டு என்பதால் மொத்தம் சுமார் 200 கோடி பவுண்டைத் தொட்டது. நாட்டுப்பற்றின் பெயரால் சிறு சேமிப்பாளர்களும் இதில் பணம் போட்டார்கள் என்றாலும், பெருந்தொகை வங்கிகளிடமிருந்தும் காப்பீட்டு நிறுவனங்களிடமிருந்தும் செல்வந்தர்களிடமிருந்துமே வந்தது. இல்லாதவர் வீட்டிலிருந்து மகன் போர்முனைக்குப் போனான். இருப்பவர் வீட்டிலிருந்து மகனோடு பணமும் போனது. போன பணத்துக்கு ஐந்து சதவீத வட்டி உண்டு. மகன்களுக்கு அப்படி ஒரு கணக்கு கிடையாது.

1920களில் பிரிட்டிஷ் அரசின் செலவில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கடன் வட்டிக்கே போனது. பிரதமர் லாயிட் ஜார்ஜ் போர்வீரர்களுக்குத் தகுந்த வீடுகள் கட்டித் தருவதாக 1918 தேர்தலில் வாக்களித்திருந்தார். 1919இல் அமைச்சர் கிறிஸ்டோபர் அடிசன் கொண்டுவந்த சட்டத்தின் கீழ் மூன்று ஆண்டில் 5 லட்சம் வீடுகள் கட்டுவது திட்டம். 1921 ஜூலையில் செலவைக் காரணம் காட்டித் திட்டத்தை நிறுத்தினார்கள். கட்டி முடித்தது 2,13,000 வீடுகள். அடுத்த ஆண்டு எரிக் கெடிஸ் தலைமையிலான குழுவின் பரிந்துரையால் கல்வி, பொதுச் சுகாதாரம் ஆகியவற்றின் மீது வெட்டு விழுந்தது. பள்ளியை விட்டு வேலைக்குப் போன பதின்வயதினர் வாரத்தில் சில மணி நேரம் தொடர்ந்து படிக்க 1918இன் கல்விச் சட்டம் வழிசெய்திருந்தது. அந்த ஏற்பாடு பெரும்பாலான இடங்களில் காகிதத்தோடு நின்றது. இராணுவத்துக்கும் கடற்படைக்கும்கூடச் செலவு குறைந்தது. வட்டியில் மட்டும் கைவைக்க முடியவில்லை. போர் நடந்தபோது கைக்குழந்தையாக இருந்தவர்கள்தான் அந்த நெருக்கடியான வகுப்பறைகளில் உட்கார்ந்தவர்கள். அடுத்த தலைமுறையின் சுமை என்பதை நான் இந்த வகுப்பறைகளாகத்தான் பார்க்கிறேன்.

இந்த அநீதியை உணர்ந்த ஒருவர் ஆளும் தரப்பிலேயே இருந்தார். ஸ்டான்லி பால்ட்வின் அப்போது கருவூலத்தில் இளைய அமைச்சர். இரும்புத் தொழிற்சாலைக் குடும்பத்தைச் சேர்ந்தவர். 1919 ஜூனில் தி டைம்ஸ் இதழுக்குத் தன் பெயரைச் சொல்லாமல் பதவியின் முதலெழுத்துகளை மட்டும் இட்டு ஒரு கடிதம் எழுதினார். தன் சொத்தில் ஐந்தில் ஒரு பங்கைக் கணக்கிட்டு, சுமார் 1,20,000 பவுண்டுக்குப் போர்க்கடன் பத்திரங்கள் வாங்கி அரசுக்கே விட்டுக்கொடுத்திருப்பதாகவும், நாட்டின் செல்வந்தர்கள் எல்லோரும் இப்படிச் செய்தால் கடன் பெருமளவு இறங்கும் என்றும் அதில் சொல்லியிருந்தார். அவரைப் பின்பற்றியவர்கள் மிகச் சிலர். பெருஞ்சொத்தின் மீது ஒரே முறை வரி விதித்துப் போர்க்கடனை அடைக்கலாம் என்று தொழிற்கட்சி சொன்ன யோசனையும் நிறைவேறவில்லை. பால்ட்வின் பிற்காலத்தில் மூன்று முறை பிரதமரானார். அவருடைய ஆட்சியிலும் அது சட்டமாகவில்லை.

சுமையை மேலும் கூட்டியது பணத்தின் மதிப்பு. போர்க்காலத்தில் விலைவாசி ஏறி, பவுண்டு மெலிந்திருந்தபோது வாங்கிய கடன் அது. 1925இல் நிதியமைச்சர் சர்ச்சில் போருக்கு முந்தைய விலையிலேயே, ஒரு பவுண்டுக்கு 4.86 டாலர் என்று, மீண்டும் தங்கத்தோடு பவுண்டைக் கட்டினார். விலைகளும் கூலியும் இறங்கின. பத்திரத்தில் எழுதிய தொகை இறங்கவில்லை. நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் கூலி குறைந்த அதே காலத்தில், போர்ப்பத்திரம் வைத்திருந்தவரின் வட்டிக்கு முன்னைவிட அதிகப் பொருள் வாங்க முடிந்தது. 1932இல் நெவில் சேம்பர்லேன் ஐந்து சதவீதத்தை மூன்றரையாகக் குறைத்து, அசலை 1952இலோ அதற்குப் பிறகு அரசு விரும்பும்போதோ தருவதாக நிபந்தனையை மாற்றினார். பெரும்பாலானோர் இணங்கினார்கள். பின்னாளில் வந்த பணவீக்கத்தில் 1970களில் நூறு பவுண்டுப் பத்திரம் சந்தையில் முப்பது பவுண்டுக்கும் கீழே போனது. இந்த முறை இழந்தவர்கள், தாத்தா வாங்கிய பத்திரத்தை நம்பி இருந்த சிறு குடும்பங்கள். பெரிய முதலீட்டாளருக்கு உரிய நேரத்தில் விற்று வெளியேறத் தெரியும்.

ஜெர்மனியில் இதே கதை வேறு வேகத்தில் நடந்தது. அது ஒன்பது முறை போர்க்கடன் பத்திரங்களை வெளியிட்டது. மக்கள் மீது பெரிய வரி போடவில்லை. வென்றதும் எதிரிகளிடமிருந்து வசூலித்துக்கொள்ளலாம் என்பதே நிதிப் பொறுப்பிலிருந்த கார்ல் ஹெல்ஃபெரிக்கின் கணக்கு. தோற்றது. 1923 நவம்பரில் ஒரு டாலருக்கு 4.2 லட்சம் கோடி மார்க் என்றானபோது, போர்ப்பத்திரத்தில் சேமிப்பைப் போட்ட ஆசிரியர், எழுத்தர், விதவை எல்லோரும் ஒன்றுமில்லாதவர்கள் ஆனார்கள். அரசின் உள்நாட்டுக் கடன் காணாமல் போனது. அந்த நடுத்தர வர்க்கத்துக்குக் குடியரசின் மீதிருந்த நம்பிக்கையும் அதோடு போனது. இழப்பீட்டுத் தவணைக்காக 1924இலும் 1930இலும் வெளிநாட்டில் வாங்கிய கடன்களின் கடைசி பாக்கியை ஜெர்மனி செலுத்தியது 2010 அக்டோபர் 3 அன்று.

இனி நம் பக்கத்துக் கணக்கு. 1917இல் இந்திய அரசாங்கம் பிரிட்டனின் போர்ச் செலவுக்கு 10 கோடி பவுண்டு அன்பளிப்பாகக் கொடுத்தது. இந்திய அரசின் ஓராண்டு வருவாய்க்கு ஏறக்குறைய ஈடான தொகை அது. அவ்வளவு பணம் கையில் இல்லை. எனவே இந்தியாவுக்குள் போர்க்கடன் திரட்டி ஒரு பகுதியைக் கொடுத்தார்கள். எஞ்சிய தொகைக்குப் பிரிட்டனின் போர்க்கடனில் ஒரு பங்கின் வட்டிப் பொறுப்பை இந்தியா ஏற்றது. கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன அதே கடன்தான். வெளிநாடு சென்ற இந்தியத் துருப்புகளின் வழக்கமான சம்பளச் செலவை இந்தியா ஏற்கனவே ஏற்றிருந்தது. இது அதற்கு மேல். முடிவெடுத்த சட்டசபையில் அரசு அதிகாரிகளின் கையே ஓங்கியிருந்தது. வரி கட்டிய உழவரிடம் யாரும் கேட்கவில்லை. கேட்பதற்கான வாக்குரிமையும் அவரிடம் இல்லை. 1916இலேயே உப்பு வரியை மணங்குக்கு ஒரு ரூபாயிலிருந்து ஒன்றேகால் ரூபாய் ஆக்கியிருந்தார்கள்.

போர்ச் செலவுக்காகப் பணப்புழக்கம் பெருகியது, வெள்ளி கிடைக்கவில்லை. ஒரு ரூபாய் வெள்ளி நாணயத்துக்குப் பதிலாக ஒரு ரூபாய் நோட்டு முதன்முதலாக வந்தது 1917 நவம்பர் 30 அன்று. அரிசி, துணி, உப்பு, மண்ணெண்ணெய் எல்லாம் விலையேறின. 1918இல் சென்னை மாகாணம் முழுதும் தானியக் கலகங்கள் வெடித்தன. சந்தைகளும் கடைகளும் சூறையாடப்பட்டன. செப்டம்பரில் சென்னை நகரத்துக்கும் கலகம் பரவியது. அதே ஆண்டு ஏப்ரலில் பி.பி. வாடியா, திரு.வி.க. முதலானோர் முன்னின்று அமைத்த சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்ததற்கும் இந்த விலையேற்றத்தில் நசுங்கிய ஆலைத் தொழிலாளர் குடும்பங்களின் நிலை ஒரு முக்கியக் காரணம். சென்னையின் பின்னி ஆலையில் தறி ஓட்டியவருக்குப் பிரான்சின் பதுங்குகுழிகள் எங்கே இருக்கின்றன என்று தெரிந்திருக்காது. அவர் தட்டில் அரிசி குறைந்ததற்கும் அந்தப் பதுங்குகுழிகளுக்கும் இடையே ஒரு நேர்க்கோடு இருந்தது.

இரண்டாம் உலகப் போரில் முறை மாறியது, விளைவு கடுமையானது. பிரிட்டன் இந்தியாவில் வாங்கிய பொருளுக்கும் சேவைக்கும் லண்டனில் பவுண்டுக் கணக்கில் வரவு வைத்தார்கள். இங்கே அதற்கு ஈடாக ரூபாய் நோட்டு அச்சடித்தார்கள். 1946 வாக்கில் பிரிட்டன் இந்தியாவுக்குக் கொடுக்க வேண்டியது சுமார் 130 கோடி பவுண்டு. ஏட்டில் இந்தியா கடன் கொடுத்த நாடாகிவிட்டது. அந்தக் கடனை உண்மையில் கொடுத்தவர்கள், விலையேற்றத்தில் சோறு வாங்க முடியாமல் 1943இல் வங்கத்தில் மடிந்த சுமார் 30 லட்சம் பேர் உள்ளிட்ட ஏழைகள். பின்னாளில் பவுண்டு வந்து சேர்ந்தபோது பெற்றுக்கொள்ள அவர்கள் இல்லை.

வெளிநாட்டிடம் வாங்கிய கடன் மட்டும் முழு நாட்டையும் சேர்த்து அழுத்தும். 1945 டிசம்பரில் கெயின்ஸ் வாஷிங்டனில் பேசி முடித்த 375 கோடி டாலர் கடனின் கடைசித் தவணையாக 8.3 கோடி டாலரைப் பிரிட்டன் செலுத்தியது 2006 டிசம்பர் இறுதியில். போர்க்காலத்தில்கூட ரேஷனில் வராத ரொட்டி, வென்ற பிறகு 1946 முதல் 1948 வரை ரேஷனில் இருந்தது.

பத்திரத்தில் எழுதப்படாத கடனும் ஒன்று உண்டு. அதுதான் மிக நீண்டது. அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்தது. அதற்கான ஓய்வூதியத்தை மாதம் 73.13 டாலர் வீதம் பெற்றுவந்த கடைசிப் பயனாளியான ஒரு மூதாட்டி வட கரோலினாவில் இறந்தது 2020 மே மாதத்தில். போர்வீரரான அவருடைய தந்தைக்கு மகள் பிறந்தபோது வயது 83. இது விதிவிலக்கான கதைதான். ஆனால் விதியும் அதே திசையில்தான் இருக்கிறது. ஹார்வர்ட் பொருளியலாளர் லிண்டா பில்ம்ஸ் காட்டியிருப்பதுபோல், முதல் உலகப் போர் வீரர்களுக்கான அமெரிக்க உதவித்தொகைச் செலவு உச்சம் தொட்டது 1969இல். இரண்டாம் உலகப் போருக்கு 1980களில். இருபது வயதில் வாங்கிய காயம் அறுபதில்தான் முழுச் செலவையும் கேட்கிறது. சில நோய்கள் வெளிப்படவே காலம் பிடிக்கும், அரசு ஒப்புக்கொள்ள இன்னும் காலம் பிடிக்கும். வியட்நாம் காடுகளில் தெளித்த ஏஜென்ட் ஆரஞ்சு நச்சுக்கும் நோய்களுக்கும் உள்ள தொடர்பை ஏற்றுச் சட்டம் வந்தது 1991இல். இராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் முகாம் குப்பைகளைக் குழியில் எரித்த புகையைச் சுவாசித்தவர்களுக்கு 2022இல். அந்த நச்சைத் தலையில் வாங்கிய வியட்நாம் கிராமங்களுக்கு இந்தச் சட்டங்கள் எதையும் தரவில்லை.

இராக் போருக்கு முன் 2002 செப்டம்பரில் அதிபர் புஷ்ஷின் பொருளாதார ஆலோசகர் லாரன்ஸ் லிண்ட்சே செலவு 10,000 கோடி முதல் 20,000 கோடி டாலர் வரை ஆகலாம் என்று சொன்னார். வெள்ளை மாளிகை அதை மிகை என்று ஒதுக்கியது. டிசம்பரில் அவர் பதவி விலக நேர்ந்தது. கொரியப் போரின்போது அதிபர் ட்ரூமன் அன்றைய செலவை அன்றைய வரியிலேயே பார்க்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்று வரிகளை உயர்த்தியவர். புஷ் ஆட்சியில் 2001இலும், போர் தொடங்கிய 2003இலும் வரியைக் குறைத்தார்கள். போர்ச் செலவை வழக்கமான வரவுசெலவுத் திட்டத்துக்கு வெளியே, அவசர ஒதுக்கீடு என்ற பெயரில் ஆண்டுக்கணக்கில் வாங்கினார்கள். பிரவுன் பல்கலைக்கழகத்தின் ‘போரின் விலை’ ஆய்வுத் திட்டம் 2021இல் கூட்டிப் பார்த்தபோது, 2001க்குப் பிந்தைய போர்களின் செலவு சுமார் 8 லட்சம் கோடி டாலர். அதில் 2.2 லட்சம் கோடி, முன்னாள் வீரர்களுக்கு 2050 வரை செய்ய வேண்டியிருக்கும் செலவு.

இலங்கைக்கு வந்தால், பாதுகாப்பு வரி என்ற பெயரில் 1990களில் பொருள்களின் மீது போட்ட வரியைத் தமிழ் வீடுகளும் கட்டின, சிங்கள வீடுகளும் கட்டின. குண்டு விழுந்த கிராமத்தவரும் தான் வாங்கிய சோப்பின் விலையில் அந்தக் குண்டுக்குப் பணம் கொடுத்தார். 2007 அக்டோபரில், இறுதிப்போர்க் காலத்தில், அந்நாடு முதன்முதலாகச் சர்வதேசச் சந்தையில் 50 கோடி டாலர் பத்திரம் வெளியிட்டது. 2009 மே மாதம் போர் முடிந்தது. ஜூலையில் சர்வதேச நாணய நிதியத்திடம் 260 கோடி டாலர் கடன் உடன்பாடு. இராணுவம் சுருங்கவில்லை. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்ட முடியாது என்று அறிவித்ததற்கு வரிக்குறைப்பு, கொரோனா, தவறான முதலீடுகள் என்று பல காரணங்கள் உண்டு. போர் முடிந்து பதின்மூன்று ஆண்டுக்குப் பிறகும் இரண்டு லட்சம் பேர் கொண்ட தரைப்படையைச் சுமந்ததை அந்தப் பட்டியலிலிருந்து நீக்க முடியாது. 2030க்குள் அதை ஒரு லட்சமாகக் குறைக்கப் போவதாக அரசு சொன்னது 2023 ஜனவரியில்தான். அதற்கிடையே பெட்ரோலுக்கும் மருந்துக்கும் வரிசையில் நின்ற இளைஞர்களில் பலருக்குப் போர் சிறுவயது நினைவு மட்டுமே.

போருக்குக் கடன் வாங்குவதே தவறு என்று நான் சொல்லவில்லை. படையெடுப்புக்கு ஆளான நாட்டுக்கு அந்தத் தேர்வு கிடையாது. ஆனால் தேர்ந்தெடுத்துச் செய்யும் போர்களைக் கடனில் நடத்துவது, முடிவெடுப்பவர்களை விலையிலிருந்து விடுவிக்கிறது. போர்ச் செலவை அந்தந்த ஆண்டு வரியிலேயே வசூலித்தால் போர்கள் விரைவில் முடியும், பொறுப்பின்றித் தொடங்கவும் மாட்டார்கள் என்று ஆடம் ஸ்மித் 1776இலேயே எழுதிவிட்டார். 1795இல் இம்மானுவேல் கான்ட், நிலையான அமைதிக்கான முன்நிபந்தனைகளில் ஒன்றாக வெளிவிவகாரங்களுக்காக அரசு கடன் வாங்குவதைத் தடைசெய்யச் சொன்னார். ஒரு நாடாளுமன்றம் படையை அனுப்ப அனுமதி கேட்கும் அரசிடம், வட்டியும் ஓய்வூதியமும் மருத்துவமும் சேர்ந்த ஐம்பதாண்டுச் செலவு மதிப்பீட்டையும், அதை யாரிடம் வரியாக வாங்கப் போகிறது என்ற விவரத்தையும் அதே நாளில் கேட்க வேண்டும். பல நாடாளுமன்றங்களிடம் அந்த உரிமை இன்றே இருக்கிறது.

2009 நவம்பரில் அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர் டேவிட் ஓபே, ஆப்கானிஸ்தான் போருக்காகத் தனி வரி விதிக்கும் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். அவருடைய கட்சித் தலைமையே அதை ஆதரிக்கவில்லை, மசோதா சட்டமாகவில்லை. அடுத்த மாதம் அதிபர் ஒபாமா கூடுதலாக 30,000 வீரர்களை அனுப்ப உத்தரவிட்டார். செலவு கடனில் சேர்ந்தது.